பழைய எஸ்யூவியில் பிசிஎம் மாற்றுவது

இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடுகிறது. கதவைப் பூட்டினால் உள்விளக்கு எரிகிறது. நான்கு கண்ணாடிகளில் இரண்டு இறங்குகின்றன, ஏற மறுக்கின்றன. ராத்திரி நிறுத்தும்போது நன்றாக இருந்த பேட்டரி காலையில் செத்துக் கிடக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இத்தனை கோளாறுகள் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால், பட்டறையில் முதலில் காதில் விழுவது, "பிசிஎம் போயிருச்சுங்க" என்பதுதான். அந்த வார்த்தையை நம்பிப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் இந்த அத்தியாயத்தின் முதல் பாதியைப் படித்துவிடுங்கள். மாட்யூல்தான் பழுது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போகலாம். ஆனால் எந்தச் சோதனையை வைத்து உறுதி செய்தோம் என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் போங்கள்.

பிசிஎம் என்பது பாடி கண்ட்ரோல் மாட்யூல். எஞ்சினைக் கவனிப்பது இசிஎம். வண்டியின் மற்ற வீட்டு வேலைகளைக் கவனிப்பது இது. விளக்குகள், இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன், சென்ட்ரல் லாக், பவர் விண்டோ, பின்கண்ணாடிச் சூடேற்றி, சில வண்டிகளில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் என எல்லாம் இதன் பொறுப்பு. இது வந்த வண்டிகளில் ஸ்விட்சை அழுத்தினால் விளக்குக்கு நேராக மின்சாரம் போவதில்லை. அழுத்தியிருக்கிறார் என்ற செய்திதான் மாட்யூலுக்குப் போகிறது. விளக்கை எரிய வைப்பது மாட்யூல். அதனால் விளக்கு எரியவில்லை என்றால் தவறு ஸ்விட்சில் இருக்கலாம், ஸ்விட்சிலிருந்து வரும் ஒயரில் இருக்கலாம், மாட்யூலுக்கு வரும் சப்ளையில் இருக்கலாம், எர்த்தில் இருக்கலாம், மாட்யூலில் இருக்கலாம், விளக்குக்குப் போகும் ஒயரில் இருக்கலாம், விளக்கிலேயே இருக்கலாம். இந்த ஏழில் ஒன்றைத்தான் பிசிஎம் மாற்றினால் சரிசெய்ய முடியும்.

உங்கள் வண்டியில் பிசிஎம் இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1994-இல் வந்த சுமோ, 2000-இல் வந்த பொலேரோ போன்றவற்றின் அடிப்படை வகைகளில் இந்த வேலைகளைத் தனித்தனி ரிலேக்களும், ஃப்ளாஷரும், சென்ட்ரல் லாக்குக்கு என்று ஒரு சிறு பெட்டியும் பார்த்துக்கொண்டன. அங்கே கெட்டுப்போன பெட்டியைக் கழற்றி அதே மாதிரி இன்னொன்றை மாட்டினால் வேலை முடிந்தது. 2011-இலும் அதன் பிறகும் வந்த எக்ஸ்யூவி 500, டஸ்டர், ஈக்கோஸ்போர்ட் போன்றவற்றில் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பேசுவதற்கு இரண்டு முறுக்கு ஒயர்கள். அந்த முறைக்குப் பெயர் கேன். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. இந்த வகை வண்டியில் பெட்டியை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. மாற்றிய பெட்டிக்கு, நீ இந்த வண்டியில்தான் இருக்கிறாய் என்று சொல்லிக்கொடுப்பதே பெரிய வேலை. அதை யார் செய்யப்போகிறார், எங்கே செய்யப்போகிறார் என்று முடிவாகும் வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாதீர்கள்.

மாட்யூலைக் குறை சொல்வதற்கு முன்

முதல் சோதனை பேட்டரி. வண்டியை அணைத்து நாலைந்து மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை இருக்கலாம். வோல்டேஜ் குறைந்தால் மாட்யூல்கள் தாறுமாறாக நடந்துகொள்ளும். பூட்டு தானாகத் திறக்கும், மீட்டர் முள் துள்ளும், வைப்பர் பாதியில் நிற்கும். புது பேட்டரி போட்டதும் ஐந்து கோளாறும் ஒன்றாக மறைந்துபோன வண்டிகள் எந்தப் பட்டறையிலும் உண்டு.

இங்கே நெடுஞ்சாலையோரம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் பேட்டரி இறங்கி நின்றால், உதவ வருகிற நல்ல மனிதர் பெரும்பாலும் லாரிக்காரராகவே இருப்பார். பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். கேபிளை எங்கே மாட்டுகிறோம் என்பதில் ஒரு சின்னத் தவறு நடந்தால் 24 வோல்ட் முழுதும் உங்கள் வண்டிக்குள் பாயும். பிசிஎம் மட்டுமல்ல, இசிஎம், ஸ்டீரியோ, மீட்டர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். லாரியிலிருந்து ஜம்ப் எடுக்கவே வேண்டாம். இன்னொரு கார் வரும் வரை காத்திருங்கள், அல்லது பேட்டரியைக் கழற்றிப் பக்கத்து ஊரில் சார்ஜ் ஏற்றி வாருங்கள்.

இரண்டாவது எர்த். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் பாடியோடு முடுக்கிய எர்த் போல்ட்டுகளின் அடியில் துருப்பிடித்திருக்கும். மீட்டரின் சிவப்பு முனையை பிசிஎம்மின் எர்த் பின்னில் வையுங்கள், கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸில் வையுங்கள், ஹெட்லைட்டையும் ஏசி ப்ளோயரையும் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளக்கத் தேய்த்து, திரும்ப முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சப்ளை லைனைச் சோதிக்கும்போது மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. ஒயருக்குள் இருபது இழைகள் அறுந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தை இழுப்பதில்லை. 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் கட்டி அந்த லைனில் வைத்துப் பாருங்கள். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். பிரகாசமாக எரிந்தால் லைன் நல்லது; மங்கினால் ஒயரில் குறை. இந்தப் பல்பை ஃப்யூஸ் வழியாக வரும் தடித்த சப்ளை லைன்களில் மட்டும் வையுங்கள். ஸ்விட்ச் செய்தி வரும் மெல்லிய ஒயரிலோ, கேன் ஒயரிலோ வைத்தால் நல்ல மாட்யூலை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர் எதிலும் பல்போ மீட்டரோ வைக்கவே கூடாது. அது ஏர்பேக் லைன்.

மூன்றாவது, தண்ணீர். நம் தருமபுரி மாவட்டத்துச் சாலையோரங்களில் புளியமரம் அதிகம். நிழலுக்காக அதன் அடியில் நிறுத்துவோம். புளிய இலையின் பொடிச் சிற்றிலைகள் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடைக்குள் புகுந்து, மழைநீர் வெளியேறும் துளைகளை அடைத்துவிடுகின்றன. ஆகஸ்டில் தொடங்கும் மழை நவம்பர் வரை இங்கே விட்டுவிட்டுப் பெய்யும். வடிய வழியில்லாத தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் சொட்டும். பல எஸ்யூவிகளில் பிசிஎம்மும் உள் ஃப்யூஸ் பெட்டியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. முன் மிதியடியைத் தூக்கி அடியில் உள்ள கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் முதலில் அந்தத் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் புது மாட்யூல் போட்டால் அடுத்த மழைக்கு அதுவும் போகும்.

நான்காவது, எலி. தோட்டத்து வீட்டிலும், மாங்காய் மண்டி ஓரத்திலும், தீவனம் அடுக்கிய கொட்டகையிலும் வண்டி நிற்கும் ஊரில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பானெட்டுக்குள் கடித்த ஒயர் கண்ணில் படும். டேஷ்போர்டுக்குள் கடித்தது படாது. எலிப்புழுக்கை, கடித்த பஞ்சு, கெட்ட வாடை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் ஒயரிங்கைக் கடைசி வரை பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, கதவு ஒயர். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் ஒயர்கள் போகின்றன. ஆண்டுக்கணக்கில் திறந்து மூடி அந்த ஒயர்கள் உள்ளேயே முறிந்துவிடும். பின்கதவுக்கும் இதே கதைதான். ரப்பரைப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு ஒயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முறிந்த ஒயர் ரப்பராக நீளும். கண்ணாடி ஒரு நாள் ஏறும், மறுநாள் ஏறாது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கடைசியாக, பிறகு மாட்டிய சாமான்கள். ரிமோட் லாக், அலாரம், எல்இடி பார், இரட்டை ஹார்ன், டேஷ் கேமரா. ஒயரை அறுக்காமல் மேலே கிளிப் வைத்து லைன் எடுத்திருப்பார்கள். அந்தக் கிளிப்பின் உள்ளே ஒயர் பாதி வெட்டுப்பட்டு, வருடங்கள் கழித்துப் பச்சை பூத்து நிற்கும். சாதாரண பல்புக்குப் பதிலாக எல்இடி மாட்டினால் சில மாட்யூல்கள் பல்பு போய்விட்டதாக நினைத்து இண்டிகேட்டரை வேகமாக அடிக்கும். அதை பிசிஎம் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பிரித்து, கம்பெனி கொடுத்த ஒயரிங்குக்கு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே மேலே போங்கள்.

மாட்யூல்தானா?

இதுவரை எதிலும் குறை இல்லை என்றால் ஸ்கேனர் வேண்டும். எஞ்சின் கோடு மட்டும் படிக்கிற மலிவு ப்ளூடூத் கருவி போதாது. பிசிஎம்முக்குள் நுழையக்கூடிய ஸ்கேனர் வேண்டும். அது வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, லைவ் டேட்டா. கதவைத் திறந்தால் திரையில் "திறந்திருக்கிறது" என்று மாறுகிறதா? ஸ்விட்சை அழுத்தினால் அது தெரிகிறதா? தெரிந்தால் செய்தி உள்ளே வருகிறது. இரண்டு, ஆக்சுவேட்டர் டெஸ்ட். ஸ்கேனரிலிருந்தே கட்டளை கொடுத்து வைப்பரை ஓட்டச் சொல்லுங்கள். ஓடினால் மாட்யூலின் வெளியேற்றம் நல்லது. குறை ஸ்விட்ச் பக்கம். செய்தி சரியாக உள்ளே வந்து, கட்டளையும் கொடுத்து, சப்ளையும் எர்த்தும் நன்றாக இருந்து, மாட்யூலின் பின்னிலேயே வோல்டேஜ் வரவில்லை என்றால்தான் மாட்யூல் பழுது. இந்த நான்கும் சேர்ந்தால் தயங்காமல் மாற்றலாம்.

ஸ்கேனரோடு மாட்யூல் பேசவே இல்லை என்றால் அது செத்துவிட்டது என்று உடனே அர்த்தமில்லை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் 16 பின் சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். கேன் லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும்; இரண்டும் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். நடுவே கேட்வே மாட்யூல் வைத்த வண்டிகளில் இந்தக் கணக்கு மாறலாம், அங்கே வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டீரியோ, ஏபிஎஸ், அலாரம் என்று ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிப் பார்த்தால், வேறு ஏதோ ஒரு மாட்யூல் லைனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது தெரியவரும்.

எதை வாங்குவது, எங்கே வாங்குவது

மூன்று வழிகள்: புதுசு, பழைய சாமான், போர்டு ரிப்பேர்.

கம்பெனி இன்னும் நாட்டில் இருந்தால் புதுசுதான் நல்லது. சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் சரியான பார்ட் நம்பரை எடுத்துத் தருவார்கள். ஆனால் ஷெவ்ரலே 2017-உடன் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் எண்டேவர் செய்யப்பட்டது சென்னையை ஒட்டிய மறைமலைநகரில். கேப்டிவா, எண்டேவர், ஈக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பாகம் கிடைக்குமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டே வண்டியைப் பிரிக்க வேண்டும். பிரித்துப் போட்ட வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நிற்பது பெரிய கொடுமை.

பழைய சாமானுக்கு இங்கிருந்து இரண்டு திசை. தெற்கே சேலம் பக்கம். வடக்கே ஓசூர் வழியாக பெங்களூரு, அங்கே சிவாஜிநகர். சென்னை வரை போக முடிந்தால் புதுப்பேட்டை. எங்கே வாங்கினாலும் உங்கள் பழைய பெட்டியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும், உள்ளே போர்டில் பாகங்கள் குறைந்திருக்கும். மழை சென்சார், ஆட்டோ ஹெட்லைட் உள்ள வகைக்கு, அவை இல்லாத வகையின் பெட்டி பொருந்தாது. எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெட்டி என்றால் பின்களில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு தெரியும். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பழைய பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதன் நினைவில் வேறொரு வண்டி இருக்கிறது. டஸ்டரில் பிசிஎம்மை யூசிஎச் என்பார்கள். சாவி, யூசிஎச், எஞ்சின் இசிஎம் மூன்றும் ஒரே ரகசிய எண்ணால் கட்டப்பட்டவை. வேறு டஸ்டரின் யூசிஎச்சை அப்படியே மாட்டினால் ஸ்டார்டர் வேலை செய்தாலும் எஞ்சின் பிடிக்காது. பழைய நினைவை அழித்துப் புதுசாக்கத் தெரிந்தவர் வேண்டும், அல்லது உங்கள் பெட்டியின் நினைவு சிப்பில் உள்ளதை நகலெடுத்து அதில் ஏற்றத் தெரிந்தவர் வேண்டும். அப்படி ஒருவர் ஒத்துக்கொண்ட பிறகே பழைய பெட்டி வாங்குங்கள். விலை பேசும்போது கோடிங் கூலியும் அதில் சேர்த்தியா, வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்ற இரண்டையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மின் சாமானைத் திருப்பி எடுப்பவர்கள் குறைவு.

என்னைக் கேட்டால், பழைய வண்டிக்கு மூன்றாவது வழியை முதலில் முயல வேண்டும். போர்டில் பெரும்பாலும் போவது ஒரு ரிலே, ஒரு டிரான்சிஸ்டர், விரிசல் விட்ட ஒரு சால்டர். நல்ல போர்டு வேலைக்காரர் அதை மட்டும் மாற்றிவிடுவார். நினைவு அப்படியே இருக்கும், சாவி அப்படியே வேலை செய்யும், கோடிங் தேவையே இல்லை. தண்ணீர் புகுந்து செம்புத் தடங்கள் அரித்துப்போன போர்டில் மட்டும் இதை நம்பாதீர்கள்.

"டைரக்ட் கொடுத்துரலாம்ணா" என்று ஒரு நாலாவது வழியும் சொல்வார்கள். பிசிஎம்மைத் தாண்டி ஹெட்லைட்டுக்கு நேராக ஒரு ஸ்விட்ச். ராத்திரி பென்னாகரத்திலிருந்து வீடு வந்து சேர வேண்டும் என்றால், ரிலேயும் ஃப்யூஸும் வைத்துச் செய்தால், சரி. அதையே நிரந்தரமாக விடாதீர்கள். ஃப்யூஸ் இல்லாத ஒரு ஒயர் டேஷ்போர்டுக்குள் உரசினால் வண்டியே எரிந்துபோகும். உள்ளே குடும்பம் உட்கார்ந்திருக்கும் வண்டி அது.

மாற்றும் வேலை

கழற்றுவதற்கு முன் எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்து கோடுகளைச் சேமியுங்கள். பாதி செத்த பிசிஎம்மாக இருந்தாலும் அதன் அமைப்புத் தகவலைப் படித்து எடுத்துவிடப் பாருங்கள். ஃபோர்டு வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளில் இதைச் செய்யலாம். இந்தத் தகவல் கையில் இருந்தால் பின்வேலை பாதியாகக் குறையும். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் படம் எடுங்கள், ஏனென்றால் சில வண்டிகளில் பிசிஎம்மும் அதை நினைவில் வைத்திருக்கும். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் தேடி எடுத்து வையுங்கள். அண்ணன் வீட்டில் இருக்கும் ஸ்பேர் சாவியையும் சேர்த்துத்தான்.

கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், பின்கதவைத் திறந்தே வையுங்கள். சாவியை எடுத்து, ரிமோட் சாவியாக இருந்தால் வண்டியை விட்டுத் தள்ளி வைத்து, பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள். பதினைந்து நிமிடம் பொறுங்கள். ஏர்பேக் மாட்யூலுக்குள் தேங்கிய மின்சாரம் இறங்க அந்த நேரம் தேவை.

பெட்டி இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். ஈக்கோஸ்போர்ட்டில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால், ஃப்யூஸ் பெட்டியோடு சேர்ந்தே இருக்கிறது. வேறு சிலவற்றில் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலேயோ, கால் வைக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னாலோ இருக்கும். பிளாஸ்டிக் உறைகளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பதினைந்து வருட வெயிலில் அந்தக் கிளிப்புகள் அப்பளமாக நொறுங்கும். இதற்கென்று பிளாஸ்டிக் நெம்பிகள் உண்டு, வாங்கி வையுங்கள்.

கப்ளர்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காகித டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். கப்ளரின் பூட்டை விடுவித்து, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்தது, கறுத்தது, பச்சை பூத்தது எது என்று இங்கே தெரிந்துவிடும். சுத்தம் செய்ய கான்டாக்ட் க்ளீனர் மட்டும். பெட்ரோலோ தின்னரோ ஊற்றினால் பிளாஸ்டிக் உருகும், தீப்பொறி பட்டால் அதோடு முடிந்தது. கறுத்த பின் இருக்கும் கப்ளரை அப்படியே புது மாட்யூலில் செருகினால் புதுசும் அதே இடத்தில் கருகும். பின்னை மாற்றிவிட்டே மேலே போங்கள்.

புது மாட்யூலைத் தொடும் முன் பாடியின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பில் உள்ள மின்னூட்டத்தை இறக்குங்கள். பெட்டியை விளிம்பில் பிடியுங்கள். பின்களில் விரல் படக்கூடாது. கப்ளர்கள் எல்லாம் "க்ளிக்" என்று பூட்டும் வரை அழுத்தி, போல்ட்டுகளை முடுக்கி, ஃப்யூஸ்களைப் பழைய பெட்டியில் இருந்த அதே இடத்தில், அதே நிறத்தில் போடுங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் போக வேண்டிய இடத்தில் கையில் இருந்த பச்சையைப் போட்டுவிட்டு வருகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஃப்யூஸ் பிழைக்கும், ஒயர் எரியும்.

பேட்டரியை இணைக்கும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். உறைகளை இப்போதே மாட்டிவிடாதீர்கள்.

கோடிங்கும் சாவியும்

புது மாட்யூலில் எழுதும் நேரம் முழுதும் வோல்டேஜ் ஒரே சீராக இருக்க வேண்டும். பாதி எழுதும்போது பேட்டரி இறங்கினால் மாட்யூல் எழுந்திருக்காமலே போகலாம். எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் வேலை அல்ல இது. நல்ல சார்ஜரை பேட்டரியில் மாட்டி வைக்க வேண்டும். நம் ஊரில் கரண்ட் போகும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். லேப்டாப்பிலும் முழுச் சார்ஜ் இருக்கட்டும். ஹெட்லைட், ஏசி, ஸ்டீரியோ எல்லாம் அணைந்திருக்கட்டும். வேலை முடியும் வரை யாரும் கதவைத் திறந்து மூட வேண்டாம்.

முதலில் சேசிஸ் நம்பரும் வண்டியின் அமைப்பும் எழுதப்படும்: எத்தனை பவர் விண்டோ, முன் பனிவிளக்கு உண்டா, ரிமோட் உண்டா என்பவை. பிறகு சாவி. இம்மொபிலைசர் பிசிஎம்முக்குள் இருக்கும் வண்டியில் எல்லாச் சாவிகளையும் புதுசாகப் பதிய வேண்டும். அன்றைக்குக் கொண்டுவராத சாவி அதன்பின் கதவைத் திறக்கும், எஞ்சினைக் கிளப்பாது. ஃபோர்டில் பாதுகாப்பு அனுமதிக்கே பத்து நிமிடம் காத்திருக்க வைக்கும் மாடல்கள் உண்டு. பொறுமையிழந்து சாவியை அணைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

யூட்யூபில் ஒரு வழி அடிக்கடி கண்ணில் படும். சாவியை ஆன் செய்து பத்து நிமிடம், அணைத்து மறுபடி பத்து நிமிடம், இப்படி மூன்று முறை செய்தால் புது மாட்யூல் சாவியைக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். அது உண்மைதான், அமெரிக்காவில் 1990-களின் இறுதியிலிருந்து ஓடிய சில ஷெவ்ரலே வண்டிகளுக்கு. இங்கே ஓடும் ஸ்கார்ப்பியோவிலும் டஸ்டரிலும் அதைச் செய்தால் பேட்டரிதான் இறங்கும்.

சரிபார்ப்பது

நான்கு கதவும், பின்கதவும், பானெட்டும் திறந்து மூடிப் பாருங்கள். உள் ஸ்விட்சிலும் ரிமோட்டிலும் பூட்டித் திறங்கள். லோ பீம், ஹை பீம், பார்க்கிங், பிரேக், ரிவர்ஸ், இரு பக்க இண்டிகேட்டர், நான்கும் சேர்ந்து. வைப்பர் ஒவ்வொரு வேகத்திலும், தண்ணீர் பீய்ச்சுவதும். ஒருமுறை அழுத்தினால் முழுதும் ஏறும் கண்ணாடி இருந்தால் அது பழைய எல்லையை மறந்திருக்கும். மேலே முழுதும் ஏற்றி ஸ்விட்சைச் சில நொடி பிடியுங்கள், கீழே முழுதும் இறக்கி மறுபடி பிடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இது போதும். மறுபடி எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்து, பேட்டரி கழற்றியதால் விழுந்த கோடுகளை அழித்து, திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு: நின்ற வண்டி எவ்வளவு கரண்ட் தின்கிறது? மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, பேட்டரி மைனஸுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே தொடராக இணையுங்கள். கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, கதவு மூடியதாக மாட்யூலை நம்பவையுங்கள். முதலில் ஒன்றிரண்டு ஆம்பியர் காட்டும். மாட்யூல்கள் ஒவ்வொன்றாகத் தூங்கி, முப்பது நாற்பது நிமிடத்தில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றிக் கண்டுபிடியுங்கள். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது யாரும் ஸ்டார்ட் செய்துவிடக்கூடாது, மீட்டர் போய்விடும்.

இதன் பிறகே உறைகளை மாட்டுங்கள். முதல் ஓட்டம் ஊருக்குள்ளே, பகலில். பிறகு ஒரு மேடுபள்ளமான சாலையில் அரை மணி நேரம். தளர்ந்த கப்ளரை அதிர்வுதான் காட்டிக்கொடுக்கும். தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் ராத்திரி மழையில் வைப்பர் நின்றாலோ ஹெட்லைட் அணைந்தாலோ ஒதுங்க இடமிருக்காது, பின்னால் லோடு ஏற்றிய லாரிகள் இறங்கிக்கொண்டிருக்கும். வத்தல்மலை, சித்தேரி வளைவுகளும் அப்படித்தான். இரண்டு மூன்று நாள் பகல் ஓட்டத்தில் ஒரு கோளாறும் வரவில்லை என்று தெரிந்த பிறகே அந்தச் சாலைகளுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

15 வருடப் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வண்டி என்றால், தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் எல்லாம் வேலை செய்ய வேண்டும்.

பழைய பெட்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் சேசிஸ் நம்பரும் சாவி விவரமும் அதன் நினைவில் இன்னும் இருக்கின்றன. பின்னாளில் போர்டு ரிப்பேருக்கும், நகலெடுக்கவும் அதுதான் மூலம். தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆர்சி புத்தகம் வைக்கும் பீரோவில் வையுங்கள். புதுப் பெட்டியின் பார்ட் நம்பரையும், அமைப்புத் தகவல் சேமித்த பென் டிரைவையும் அதே உறையில் போட்டு வையுங்கள்.